கூடம் கோணலில்லை

என் அத்தானுக்குத் தொழில் வட்டாரத்தில் வைத்த பெயர் ரசமட்டம். டைல்ஸ் பதிக்கிறவர்கள் கையில் ஒரு நீளப் பட்டை வைத்திருப்பார்களே, நடுவில் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு குமிழி, அதுதான் ரசமட்டம். குமிழி நடுக்கோட்டில் வந்து நின்றால் தரை மட்டம். நகர்ந்தால் எங்கோ தப்பு. அந்தக் குமிழியைப் பார்த்துப் பார்த்தே மனிதருக்குப் பாதி ஆயுள் ஓடிவிட்டது. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் வந்தவர்களைப் பார்க்க மாட்டார், தரையைப் பார்ப்பார். "வாசப் பக்கம் ஒரு நூல் ஏறியிருக்கு, கவனிச்சியா பாப்பா?" என்று என் காதைக் கடிப்பார். எனக்கு நாற்பது வயதாகிறது. அவர் அக்காவைக் கட்டிக்கொண்டபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன் என்பதால் இன்னமும் பாப்பாதான்.

நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். மருந்துக்கடையில் வேலை. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அத்தானோடு ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும் யாராவது. அவர் நல்லவர், அதில் சந்தேகமே இல்லை. ஒரு சொல் அதிர்ந்து பேச மாட்டார். ஆனால் ஒன்றைத் தப்பு என்று முடிவு கட்டிவிட்டால் அதைச் சரி செய்யாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. சுவரில் படம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் போதும், எழுந்து போய் நிமிர்த்திவிட்டுத்தான் அடுத்த வாய். தப்பு என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், காரணம் இருந்தால் அதை எடுத்துவிடலாம். அவருடைய மொத்த வேதாந்தமும் இவ்வளவுதான்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் அந்த நாய்க்குட்டி வந்து சேர்ந்தது.

மரக்கடை ஒன்றின் ஆபீசுக்குத் தரை போட்டுக் கொடுத்தார் அத்தான். அங்கே ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. மரக்கடைக்காரர் "ஒன்னு எடுத்துக்கிட்டுப் போங்க" என்றதும், சின்ன வயதிலிருந்து உள்ளே கிடந்த ஆசை எழுந்து உட்கார்ந்துவிட்டது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைக்காது என்று தெரியும், அவ்வளவு சாமர்த்தியம் உண்டு. கருவிப் பைக்குள் பழைய சட்டையை விரித்து, அதில் தூங்குகிற குட்டியை வைத்துக் கொண்டு வந்து கூடத்தில் இறக்கினார்.

"நல்லா இருக்கு," என்றாள் அக்கா. அந்தக் குரலில் அவள் அப்படிச் சொன்னால் நல்லா இல்லை என்று அர்த்தம். "பையன் வேலைக்குன்னு வெளியூர் போய் இப்பத்தான் வீடு கொஞ்சம் சுத்தமா கிடக்கு. இனி இதுக்குத் தண்ணி வைக்கிறது யாரு, அள்ளிக் கொட்டறது யாரு? நீங்களா?"

"நான் பார்த்துக்கறேன்."

"கிழிச்சீங்க."

குட்டி கறுப்பு, மார்பில் மட்டும் வெள்ளை. கண்ணைத் திறந்து எங்கள் மூவரையும் ஒரு மேலதிகாரியைப் போலப் பார்த்தது. அத்தான் அதற்குத் துரை என்று பெயர் வைத்தார். அக்கா அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. "அது" என்பாள், இல்லையென்றால் "உங்க நாய்" என்பாள்.

துரை எழுந்து நின்றது. முன்கால் இரண்டையும் அகட்டி வைத்தது. தலை மேலும் கீழுமாக ஆடியது. பால் கிண்ணத்தைக் குறி வைத்து மூன்று எட்டு எடுத்து, மூக்கைப் பாலுக்குள் முக்கி, தும்மி, பக்கவாட்டில் சரிந்தது. நாங்கள் சிரித்தோம். அக்காகூடச் சிரித்தாள். குட்டி என்றால் ஆடத்தான் செய்யும்.

ஒரு வாரம் போயிற்று, ஆட்டம் நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கிறார். சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னப்பா, புள்ளைக்கு ஊத்திக் கொடுத்துட்டீங்களா? இப்பிடித் தள்ளாடுது!" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். அத்தான் சிரிக்கவில்லை. எனக்கும் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு விளங்காதது ஒன்று இருந்தது. தூங்கும்போது அதன் உடம்பில் ஒரு நடுக்கம் கிடையாது. எழுந்து நின்றால் ஆட்டம். எதையாவது குறி வைத்துப் போனால் ஆட்டம் இரண்டு மடங்கு. கிண்ணம் நெருங்க நெருங்கத் தலை கூடுதலாக ஆடும். இது என்ன நோய்? மருந்துக்கடையில் வேலை பார்த்தால் பாதி டாக்டர் என்று இந்த வீட்டில் ஒரு நினைப்பு உண்டு. எனக்கும் அந்த நினைப்பு கொஞ்சம் உண்டு என்பதுதான் கொடுமை. "காதுக்குள்ள சீழ் பிடிச்சிருக்கும், அதான் நிலை கொள்ளல," என்று தீர்ப்புச் சொன்னேன். டார்ச் அடித்துப் பார்த்தோம். காது இரண்டும் பளிச்சென்று இருந்தன. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி மூன்று பேரும் குட்டியைச் சுற்றி நின்றோம். அது எங்கள் மூன்று பேரையும் பார்த்து வாலை ஆட்டியது, ஆட்டிய வேகத்தில் விழுந்தது.

அன்று மாலை அத்தான் ரசமட்டத்தை எடுத்து வந்தார்.

எங்கள் கூடத்துத் தரை அவருடைய பெருமை. எங்கோ ஒரு பெரிய கடைக்கு வேலை செய்தபோது மிஞ்சிய டைல்ஸ். கண்ணாடி மாதிரி பளபளக்கும், குனிந்தால் முகம் தெரியும். அதன் மேல் மண்டி போட்டு, பட்டையை நீளவாக்கில் வைத்தார், குறுக்கே வைத்தார், மூலைக்கு மூலை வைத்தார். குமிழி அசையவில்லை. நடுக்கோட்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

"மட்டமாத்தான் இருக்கு," என்றார். கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தார். "ஆனா வழுக்குது. பளபளப்பு ஜாஸ்தி. நகம் நிக்க இடம் இல்ல அதுக்கு."

அடுப்படியில் ஏதோ டணாரென்று விழுந்தது. அக்கா வெளியே வந்தாள். "இப்ப என்ன சொன்னீங்க?"

"தரை வழுக்குதுன்னு..."

"இந்தத் தரை போட்ட நாள்லேருந்து நான் அதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்! தண்ணி பட்டா வழுக்குது, கால் நிக்கலன்னு எத்தனை தடவை சொன்னேன்? ஒரு தடவை விழுந்து இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஒரு வாரம் நடந்தேனே, அப்ப என்ன சொன்னீங்க? பார்த்து நடன்னு சொன்னீங்க. நாய் விழுந்தா மட்டும் தரை வழுக்குது, இல்ல?"

அத்தான் உண்மையிலேயே திகைத்துப் போனார். "நீ சும்மா சொல்றேன்னு நினைச்சேன்," என்றார். அதை விட மோசமான பதிலைத் தேடினாலும் கிடைத்திருக்காது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அடுத்த விடுமுறை நாளில் அந்தத் தரையைப் பெயர்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், தான் போட்ட தரையைத் தானே உளி வைத்துப் பெயர்த்தார். வீடு முழுக்கப் புழுதி. குட்டியை மாடிக்குத் தூக்கிப் போய் என் அறையில் வைத்திருந்தேன். அங்கே பாய் விரித்த தரை, வழுக்கவே வழுக்காது. அங்கேயும் அது விழுந்தது. இறங்கி வந்து சொன்னேன்.

"பாய் மெத்துன்னு இருக்கும் பாப்பா. அதுல யாரா இருந்தாலும் ஆடத்தான் செய்யும்," என்றார் உளியை நிறுத்தாமல். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எனக்கு வந்த கோபத்தில் அந்த உளியைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

அக்கா மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். இங்க ஆடுறது நாய், கூடம் கோணல்னு சொல்றது மனுசன்," என்றாள்.

சொரசொரப்பான டைல்ஸ் பதித்தார். குளியலறைக்கும் வாசல்படிக்கும் போடுகிற ரகம். ஈரக்காலோடு ஓடினாலும் நிற்கும். வழக்கம்போல இடைவெளிகளை அடைத்து, துடைத்து, காயவிட்டு, குட்டியைக் கொண்டு வரச் சொன்னார். நான் நடுக்கூடத்தில் விட்டேன். துரை எழுந்து நின்றது. நகங்கள் தரையைப் பற்றின. ஒரு எட்டு வைத்தது, இன்னொரு எட்டு. அத்தான் முகம் மலர்ந்தது. மூன்றாவது எட்டில் பின்பக்கம் ஒரு திசைக்கும் தலை ஒரு திசைக்கும் போய், தொப்பென்று சாய்ந்தது.

 அத்தான் ரசமட்டத்தை எடுத்துக் குட்டி விழுந்த இடத்திலேயே வைத்தார். குமிழி நடுவில் நின்றது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குமிழி கொஞ்சம் நகர்ந்திருந்தால் அன்றைக்கு அவர் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். "தரையில தப்பு இல்ல," என்றார் கடைசியில். தன் வேலை சரியாக இருப்பதற்காக ஒரு மனிதர் அவ்வளவு சோர்ந்து போய் நான் பார்த்ததில்லை.

மறுநாள் கால்நடை டாக்டரிடம் போனோம். சின்ன வயதுப் பெண். குட்டியை நடக்க விட்டாள், ஒரு தின்பண்டத்தைக் காட்டி அதன் தலை ஆடுவதைக் கவனித்தாள், கால்களை மடக்கிப் பார்த்தாள், கண்ணில் விளக்கடித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"இது பிறவியிலேயே உள்ளது. தலைக்குப் பின்னால சிறுமூளைன்னு ஒன்னு இருக்கு. நடையைச் சீராக்குறது அதுதான். தாய் வயித்துல இருக்கும்போதே இதுக்கு அது சரியா வளரல."

"மருந்து?" என்றேன் நான்.

"இல்லீங்க."

"ஆபரேஷன்?" என்றார் அத்தான்.

"அதுவும் இல்ல. ஆனா இது போகப்போக மோசமாவும் ஆகாது. வலி கிடையாது. ஆயுசுக்கும் பெரிசா பாதிப்பு இருக்காது. எப்படி நடந்தா விழாம இருக்கலாம்னு அதுவே கொஞ்சம் கொஞ்சமா பழகிக்கும். ஆனா ஆட்டம் இருக்கத்தான் செய்யும்."

அத்தானுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "வலி இல்ல. மோசமாவும் ஆகாது. அப்ப இது நோயா, இல்லையா?"

டாக்டர் சிரித்தாள். "நோய்னு சொல்ல முடியாது. அது அப்படித்தான்."

"அதுக்குத் தெரியுமா, தான் ஆடறோம்னு?"

அவள் குட்டியின் காதைத் தடவினாள். "தெரியாதுன்னுதான் நினைக்கிறேன். ஆடாம நின்னதே இல்லையே அது. உலகமே இப்பிடித்தான்னு நினைச்சுக்கிட்டிருக்கும்."

வீடு வரும் வரை அத்தான் அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். "அப்ப நேர்னா என்னன்னே அதுக்குத் தெரியாதா பாப்பா? கோணல்னும் தெரியாதா? அப்ப நாம என்னத்தைச் சரி பண்றது?" எனக்கென்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் மாத்திரை. மாத்திரை இல்லாத ஒன்றைப் பற்றி எப்படி யோசிப்பது என்று எனக்குப் புரியவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்றும் தெரியவில்லை.

மரக்கடைக்காரருக்குச் சேதி போயிருக்க வேண்டும். அவரே போன் பண்ணினார். நல்ல மனிதர். "எனக்குத் தெரியாம போச்சு, மன்னிச்சுக்குங்க. திருப்பிக் கொண்டு வந்து விட்டுட்டு, இதுக்குக் கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருக்கான், அவனை எடுத்துக்கிட்டுப் போங்க. நல்ல திடமான குட்டி," என்றார். அப்படியென்றால் இது என்ன ஆகும் என்று கேட்டார் அத்தான். மரக்கடைக்காரர் மழுப்பவில்லை. "பொய் சொல்லக் கூடாது. இங்க லாரி வருது, போகுது, கட்டை உருளுது. ஓடி ஒதுங்கத் தெரிஞ்ச நாய்க்கே இங்க கஷ்டம். என்னால ஆனதைப் பார்க்கிறேன்," என்றார்.

அக்காவிடம் சொன்னோம். "கொண்டு போய் விட்டுடுங்க," என்றாள் உடனே.

"அங்க விட்டா அது தங்காது," என்றார் அத்தான்.

"தெரியுது. காது கேக்குது எனக்கும். ஆனா நாள் முழுக்க வீட்டுல அது கூட இருக்கிறது நான்தானே? நீங்க ரெண்டு பேரும் காலையில கிளம்பிடறீங்க. அது விழுது, எந்திரிக்குது, விழுது, எந்திரிக்குது. ஒரு தடவைகூட அழ மாட்டேங்குது. அழுது தொலைச்சாலாவது பரவால்ல. என்னால பார்க்க முடியல.  போதும், கொண்டு போயிடுங்க." சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அத்தான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த விடுமுறை நாள் காலையில் மூடி போட்ட கூடையில் குட்டியை வைத்து என் மடியில் கொடுத்து, தன் பழைய வேனை எடுத்தார்.

மரக்கடை முற்றத்தில் பலகைகள் அடுக்கி இருந்தன. மரத்தூள் காற்றில் பறந்தது. லாரி ஒன்று பின்பக்கமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. மரக்கடைக்காரர் அந்த இன்னொரு குட்டியைக் கொண்டு வந்து தரையில் விட்டார். அச்சு அசல் துரை மாதிரியே கறுப்பு, மார்பில் வெள்ளை. அது அத்தானைப் பார்த்தது, வந்தது. நூல் பிடித்த மாதிரி நேராக வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது. அத்தானால் தன் முகத்தை அடக்க முடியவில்லை. அவ்வளவு நேரான நடையைப் பார்த்ததும் அவருக்குள் இருக்கிற தொழில்காரன் உருகிவிட்டான். அதைக் கையில் எடுத்தார், முதுகைத் தடவினார். சரி, முடிந்தது கதை என்று நினைத்தேன். கூடையின் மூடியைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. என்னமோ நான்தான் அந்த நாயை வளர்த்தவள் மாதிரி!

கூடையைத் திறந்து துரையை இறக்கினேன்.

அது திரும்பிப் பார்க்கும், குரைக்கும், எங்கள் பின்னால் வர முயலும் என்றெல்லாம் நினைத்தேன். அத்தானும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஒன்றுமே நடக்கவில்லை. காற்றில் ஒரு மரச்சுருள் உருண்டு போயிற்று. துரை அதன் பின்னால் கிளம்பியது. ஆடி, விழுந்து, எழுந்து, இடதுபக்கம் போக நினைத்து வலதுபக்கம் போய், ஒரே குஷி. எங்கள் ஞாபகமே இல்லை அதற்கு. சுருள் உருண்டு, பின்பக்கமாக வந்துகொண்டிருந்த லாரிப் பக்கம் போனது. இதுவும் போனது.

"ஏய், நிறுத்து!" என்று கத்தினார் அத்தான். என் வாழ்நாளில் அவர் கத்தி நான் கேட்டதில்லை. லாரி நின்றது. அவர் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு முன்னால் மண்டி போட்டுத் துரையை அள்ளினார். அதன் வாயில் மரச்சுருள் இருந்தது. பிடித்துவிட்டிருந்தது!

"அது என்னைக் கூப்பிடவே இல்லையே பாப்பா," என்றார் மூச்சு வாங்க.

"அப்புறம் என்ன? விட்டுட்டு வாங்க," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. எரிச்சலாக இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

"எப்பிடி விடறது? அதுக்குப் பயமே தெரியல. விழறோம்னே தெரியல. சந்தோஷமா போய் அடியில மாட்டிக்கும்." அவருக்குக் கண் கலங்கியிருந்தது. இன்னொரு கையில் இருந்த நேரான குட்டியைப் பார்த்தார். "இவன் பிழைச்சுக்குவான்," என்று அதை மரக்கடைக்காரரிடம் நீட்டினார். அவர் மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டார்.

வேனில் வரும்போது, "அக்காகிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டேன். "தெரியல," என்றார். "அவ சொல்றதும் நியாயம்தானே? நாள் முழுக்கப் பார்க்கப் போறது அவதானே? நான் தப்புப் பண்றேனா பாப்பா?" எனக்குத் தெரியவில்லை என்றேன்.  அடுத்தவர் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டுத் தான் நல்லவன் ஆவது எனக்குப் பிடிக்காத காரியம். ஆனால் அந்த லாரிச் சக்கரத்தையும் நான் பார்த்திருந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதுகு எங்கள் பக்கம். "புதுசு வந்தாச்சா?" என்றாள் திரும்பாமல். குரல் கரகரத்திருந்தது.

அத்தான் கூடையைக் கீழே வைத்து மூடியைத் திறந்தார். கூடத்துத் தரையில் நகச்சத்தம் கேட்டது. இரண்டு எட்டு. நின்றது. அவசரமாக இன்னும் மூன்று. தொப்.

அக்காவின் கை அப்படியே நின்றது. குழாயை மூடினாள். அவள் தோள் குலுங்கியது. திட்டப் போகிறாள் என்று அத்தான் ஒரு எட்டு பின்னால் வைத்தார். அவள் திரும்பினாள். முகமெல்லாம் கண்ணீர், மூக்கெல்லாம் சிவப்பு, அதோடு பெரிய கோபம். "ரெண்டு பேருக்கும் மண்டையில ஏதாவது இருக்கா?" என்றாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் தரையிலேயே உட்கார்ந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"வாடா துரை."

துரை தலையைத் தூக்கியது. அவளைக் குறி வைத்துப் புறப்பட்டது. தலை பலமாக ஆட ஆரம்பித்தது. பாதி வழியில் சுவர்ப்பக்கம் போயிற்று. சாய்ந்தது. எழுந்தது. அத்தானால் பொறுக்க முடியவில்லை, குனிந்து கையைக் கொண்டு போனார்.

"தூக்கிட்டு வரட்டா?"

"சும்மா இருங்க நீங்க," என்றாள் அக்கா. "வந்துக்கிட்டு இருக்கான்ல."